ஸ்ட்ரெச்சர் போகும் அகலம்

குகை ஆய்வுக் குழு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் மனதில் உடனே வருவது கயிற்றில் தொங்குவதும், யாருமே பார்க்காத மண்டபத்தில் முதல் ஆளாகக் கால் வைப்பதும்தான். அதெல்லாம் உண்டு. ஆனால் எங்கள் நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது வேறு இரண்டு வேலைகள்: குகையை அளப்பது, உள்ளே போகும் வழியைச் சீராக்குவது. புதுப் பாதை திறந்த பரவசம் சில நாட்களில் அடங்கிவிடும். அந்தப் பாதையை அளந்து, வரைந்து, இன்னொருவர் நம்பிப் போய்வரும்படி செய்து முடிப்பதற்கு வருடங்கள் ஆகும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இவை இரண்டு தனித்தனி வேலைகளாகத் தெரியும். எங்கள் குகையில் ஒன்று இல்லாமல் மற்றொன்று நடந்திருக்காது.

அளப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு மூன்று அளவுகள் வேண்டும்: தூரம், திசை, சாய்வு. முன்பெல்லாம் டேப், திசைகாட்டி, சாய்வுமானி என்று மூன்று கருவிகளைச் சேற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டே போக வேண்டும். இப்போது பல குழுக்களிடம் டிஸ்டோஎக்ஸ் இருக்கிறது. பெயாட் ஹேப் என்ற சுவிஸ் குகை ஆய்வாளர், கட்டட வேலைக்கு விற்கப்படும் லைக்கா லேசர் அளவுமானிக்குள், திசையையும் சாய்வையும் அறியும் மின்பலகை ஒன்றைப் பொருத்தி உருவாக்கியது அது. ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று எண்களும் வந்துவிடும். குகைக்காரர்களுக்குத் தேவையானதைக் குகைக்காரரே செய்துகொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அளவுகளைக் கணக்கிட நாங்கள் பயன்படுத்தும் சர்வெக்ஸ், தெரியான் மென்பொருள்களும் அப்படித்தான். இந்த ஆர்வம் உள்ளவர்களே எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கருவி மாறினாலும் ஆட்களின் வேலை மாறவில்லை. முன்னால் போகிறவர் அடுத்த புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார். பின்னால் இருக்கும் புள்ளியும் தெரிய வேண்டும், முன்னால் வரப்போவதும் தெரிய வேண்டும். நல்ல புள்ளி கிடைப்பது ஒரு கலை. இன்னொருவர் கருவியைப் பிடிக்கிறார். மூன்றாமவர் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்து எண்களை எழுதுகிறார், கூடவே பாதையை வரைகிறார்: மேலிருந்து பார்த்த தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், இடையிடையே குறுக்குவெட்டு. சுவர் எங்கே வளைகிறது, எங்கே நீர் நிற்கிறது, எந்தப் பாறை ஆடுகிறது, கூரையில் எங்கே கல்விழுதுகள் தொங்குகின்றன, எல்லாம் அதில் வர வேண்டும். குழுவில் அதிகமாகக் குளிரில் நடுங்குபவரும் இவர்தான். குகைக்குள் வெப்பநிலை ஏறக்குறைய அந்தப் பகுதியின் ஆண்டுச் சராசரியிலேயே நிற்கும். அசைந்துகொண்டிருந்தால் தெரியாது. ஈர உடையோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து பென்சில் பிடிக்கும்போதுதான் தெரியும்.

இரும்பு பக்கத்தில் இருந்தால் திசை தவறும் என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவோம். ஹெல்மெட் விளக்கின் பேட்டரி, மூக்குக்கண்ணாடியின் சட்டம், இடுப்பில் தொங்கும் கொக்கி, எல்லாமே சந்தேகத்துக்குரியவை. பிரிட்டிஷ் குகை ஆராய்ச்சிச் சங்கம் வகுத்த தரவரிசையில் 5ஆம் தரம் என்றால் கோணங்கள் 1 டிகிரிக்குள்ளும், தூரமும் புள்ளியின் இடமும் 10 சென்டிமீட்டருக்குள்ளும் சரியாக இருக்க வேண்டும். 1 டிகிரி என்பது கேட்க அற்பமாக இருக்கும். 30 மீட்டர் தள்ளிப் போனால் அதுவே அரை மீட்டர் பிசகு. அப்படிப் பல புள்ளிகள் தாண்டிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே அளவு முடியும்போது கணக்கு சொல்லிவிடும், நாம் எவ்வளவு கவனமாக இருந்தோம் என்று. வளையம் நன்றாக மூடிக்கொண்ட இரவில் கிடைக்கும் திருப்தியைப் புது மண்டபம் கண்டுபிடித்த திருப்திக்குக் குறைவாக நான் மதிப்பதில்லை.

எங்கள் குழுவில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு: புது இடம் திறந்தால் அளந்துகொண்டேதான் முன்னேற வேண்டும். முதலில் ஓடிப் பார்த்துவிட்டு அப்புறம் அளக்கலாம் என்பதற்கு இடமில்லை. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஓடிப் பார்த்தவர்களுக்கு அளக்கத் திரும்பி வரும் ஆர்வம் பெரும்பாலும் இருப்பதில்லை. அளக்கப்படாத பாதை இரண்டு மூன்று பேரின் நினைவில் மட்டும் இருக்கும். அவர்கள் விலகியதும் அதுவும் போய்விடும்.

அளவின் பொறுமை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மம்மத் குகையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பிளின்ட் ரிட்ஜ் என்ற பக்கத்துக் குகைத்தொகுதியைத் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்காக அளந்துகொண்டே வந்தார்கள். படம் வளர வளர, இரண்டும் நெருங்கி வருவது காகிதத்தில் தெரிந்தது. 1972 செப்டம்பர் 9 அன்று ஒரு சிறு குழு தாழ்ந்த கூரைக்குக் கீழே நீரில் நடந்து போனது. அவர்கள் விளக்கொளியில் தெரிந்தது ஒரு கைப்பிடிக் கம்பி, சுற்றுலாப் பயணிகளுக்காக மம்மத் குகையில் போட்டிருந்தது. இரண்டு குகைகளும் ஒன்று என்பது அன்று உறுதியானது. இன்று அதன் அளந்த நீளம் 680 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

எங்கள் குகைக்கு அத்தனை பெருமை கிடையாது. பெரிய பாறைகளுக்கு நடுவே ஒரு வாய். அங்கிருந்து நீர் தேங்கிய தாழ்வான பாதை, முழங்கையால் ஊர்ந்துதான் போக வேண்டும். அதன் முடிவில் ஒரு இடுக்கு. ஹெல்மெட்டைக் கழற்றி முன்னால் தள்ளி, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, நெஞ்சைச் சுருக்கினால் கடக்கலாம். அதற்கு அப்பால்தான் குகையே இருக்கிறது: நிமிர்ந்து நடக்கும் பாதைகள், ஓடை, வெள்ளைப் படிவங்கள். இடுக்கை எல்லோரும் ஒரு பரீட்சையாக எடுத்துக்கொண்டோம். கடந்து போனவர்களுக்கு அதில் ஒரு பெருமிதம் இருந்தது.

அந்தப் பெருமிதத்தை உடைத்தது மீட்புப் பயிற்சி ஒன்றில் எழுந்த எளிய கேள்வி. அப்பால் ஒருவருக்குக் கால் உடைந்தால்? மூச்சை வெளியே விட்டு நெளிந்து வருவது நலமாக இருப்பவரால் முடிகிற காரியம். ஸ்ட்ரெச்சரில் கட்டப்பட்டவர் மடங்க மாட்டார், நெளிய மாட்டார். 2014-ல் ஜெர்மனியின் ரீசென்டிங் குகையில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் தலையில் கல் விழுந்து அடிபட்ட ஆய்வாளரை வெளியே கொண்டுவர 11 நாட்கள் ஆயின; 700 பேருக்கு மேல் உழைத்தார்கள். 2021-ல் வேல்ஸில் ஒகோவ் ஃபினோன் தீ குகையில் விழுந்து காயமடைந்தவரைத் தூக்கிவர 54 மணி நேரம் ஆனது. இரண்டு பேருமே அனுபவசாலிகள். இந்த இரண்டையும் பேசிய பிறகு எங்களில் யாருக்கும் அந்த இடுக்கு பரீட்சையாகத் தெரியவில்லை.

சரி, உடைத்து அகலப்படுத்தலாமா? சிலர் அதற்குத் தயாராகவே இருந்தார்கள். துளையிட்டு, ஆப்பும் இரும்புத் தகடுகளும் இறக்கி, வெடி இல்லாமலே பாறையைப் பிளக்க முடியும். ஆனால் அந்த இடுக்கின் சுவர் முழுக்க நீர் வழிந்து படிந்த அழகான சுண்ணாம்புத் திரை. இந்தப் படிவங்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி அளவே வளரும்; உடைத்தால் நம் காலத்தில் திரும்பாது.

அப்போது கைகொடுத்தது படம். இடுக்குக்கு அப்பால் அளந்தபோது, ஒரு பக்கப் பாதை நீளமாகச் சுற்றி, களிமண்ணும் கற்களும் அடைத்த முட்டுச்சந்தில் முடிந்திருந்தது. அங்கே யாருக்கும் சுவாரசியம் இல்லை, அளந்துவிட்டுத் திரும்பினோம். எண்களைக் கணினியில் ஏற்றியதும்தான் தெரிந்தது, அந்த முட்டுச்சந்து நுழைவுப் பாறைகளுக்குச் சில மீட்டர் பக்கத்திலேயே இருக்கிறது என்று. அடுத்த முறை இருபுறமும் ஆட்கள் உட்கார்ந்து கல்லால் தட்டிப் பார்த்தோம். ஒலி கேட்டது. கற்களுக்கு நடுவே மெல்லிய காற்றும் வந்தது.

காற்று எங்களுக்கு முக்கியமான சாட்சி. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் உள்ள லெச்சுகியா குகை ஒரு காலத்தில் வௌவால் எச்சம் தோண்டிய சின்னப் பள்ளம் என்றுதான் அறியப்பட்டது. அடியில் கிடந்த இடிபாடுகளுக்குள்ளிருந்து காற்று சீறி வந்ததை நம்பி, அனுமதி வாங்கித் தோண்டிய தன்னார்வலர்கள் 1986-ல் உள்ளே நுழைந்தார்கள். இன்று 240 கிலோமீட்டருக்கு மேல் அளந்திருக்கிறார்கள்.

தோண்டும் வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நில உரிமையாளரின் அனுமதி, வனத்துறை, வௌவால் ஆய்வாளர், இவர்களைப் பார்த்துப் பேசுவதிலேயே முதல் கட்டம் கழிந்தது. வௌவால்கள் நீள்துயிலில் இருக்கும் மாதங்களிலும் குட்டி ஈனும் மாதங்களிலும் வேலை கிடையாது என்று ஒப்புக்கொண்டோம். தோண்டும் முகத்தில் கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் எப்போதும் இருக்கும். அடைபட்ட இடத்தில் நாலு பேர் மூச்சு வாங்க உழைத்தால் காற்று சீக்கிரம் கெட்டுவிடும். களிமண்ணைப் பிளாஸ்டிக் தட்டுகளில் நிரப்பிக் கயிற்றால் இழுத்தோம். அதை எங்கே கொட்டுவது என்பதும் ஒரு பிரச்சினைதான், ஓடையில் கலந்தால் குகையின் கீழ்ப்பகுதியே கெட்டுவிடும். மேலே தொங்கிய பாறைகளைச் சாரக் குழாய்களால் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்னேறினோம். ஒரு நாள் முழுக்க உழைத்துக் கை நீளம் போனால் நல்ல நாள்.

வழி திறந்தபோது எங்கள் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் வந்தது. திறப்பது எளிது, திறந்ததன் விளைவை அடக்குவது கடினம். பிரான்சின் லாஸ்கோ குகை 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பார்வையாளர்களின் மூச்சும் விளக்குகளும் ஓவியங்களைக் கெடுக்க ஆரம்பிக்கவே 1963-ல் மூட வேண்டியதாயிற்று. எங்கள் குகையில் ஓவியம் இல்லை. ஆனால் புதிய வாய் வழியாகக் காற்று தாராளமாக ஓடினால் உள்ளே ஈரம் குறையும், படிவங்கள் உலரும், வௌவால்கள் தங்கும் மூலையின் வெப்பநிலை மாறும். அதனால் புது வழியில் காற்றடைப்புக் கதவு ஒன்று வைத்தோம். லெச்சுகியாவின் வாயிலிலும் அப்படி ஒன்று உண்டு. பழைய வாயில் வௌவால்களின் வழி என்பதால் அங்கே கிடைமட்டக் கம்பிகள் மட்டும், இடைவெளி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். வௌவால் பறந்துபோகும், ஆள் நுழைய முடியாது. உள்ளே படிவங்கள் உள்ள இடங்களில் இருபுறமும் நாடா கட்டி நடக்கும் தடத்தைக் குறித்திருக்கிறோம்.

உடை, கயிறு விஷயத்திலும் கண்டிப்பாக இருக்கிறோம். 2006-ல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தெரியவந்த வெண்மூக்கு நோய் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. அதற்குக் காரணமான பூஞ்சை மனிதர்களின் உடையிலும் பூட்ஸிலும் ஒட்டிக்கொண்டு இடம்விட்டு இடம் போகக்கூடியது. வேறொரு குகையில் போட்ட உடையோடு எங்கள் குகைக்கு வரக்கூடாது. சேற்றைக் கழுவி, 55 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்த பிறகே எதுவும் உள்ளே போகும். சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் பொறுமையாகப் பேசுவேன், ஆனால் விதியைத் தளர்த்த மாட்டேன்.

கடைசியில் ஸ்ட்ரெச்சர் ஒத்திகை. குழுவிலேயே உயரமான தோழர் படுக்க முன்வந்தார். கழுத்துப்பட்டை, போர்வை, பட்டைகள் எல்லாம் கட்டி, மண்டபத்திலிருந்து புது வழியாகத் தூக்கிவந்தோம். நேர்ப்பாதையில் எளிதாக வந்தது. கதவுக்கு முந்தைய வளைவில், ஊசியில் நூல் கோர்ப்பதுபோல், தலைப்பக்கத்தை உயர்த்தி, பக்கவாட்டில் சாய்த்து, ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்தினோம். படுத்திருந்தவர் வாய் திறக்கவில்லை. அவருடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரை நியமித்திருந்தோம். உரசாமல் வெளியே வந்துசேர்ந்ததும் யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டோம். அந்தச் சுண்ணாம்புத் திரையில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

தீராத கேள்வி ஒன்று மீதி இருக்கிறது. ஓடைக்கு அப்பால் இன்னொரு இடுக்கு உண்டு. அங்கே மாற்றுவழி எதுவும் படத்தில் தெரியவில்லை. அகலப்படுத்தினால் தரை முழுக்கப் பரவியிருக்கும் வெள்ளைப் படிவத்தின் ஒரு பகுதியை இழக்க வேண்டும். குழுவில் எங்களுக்கு வழிகாட்டும் மூத்தவர், உயிருக்கு முன்னால் கல் பெரிதில்லை, உடைத்துவிடலாம் என்கிறார். அவர் பல மீட்புப் பணிகளில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். அவர் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. என் கருத்து வேறு. அப்பால் யாரும் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆபத்தைத் தெரிந்துகொண்டு போகிற சிறு குழுவுக்கு மட்டும் அனுமதி போதும். இருவரும் பலமுறை பேசிவிட்டோம். இப்போதைக்கு ஒரு உடன்பாடு: குகையின் கிழக்குக் கிளையில் காற்று வரும் பாதைகளை எல்லாம் அளந்து முடிக்கும்வரை அந்த இடுக்கில் கை வைப்பதில்லை. படத்தில் அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் ‘இதற்கு அப்பால் ஸ்ட்ரெச்சர் போகாது’ என்று எழுதியிருக்கிறோம். கிழக்குக் கிளைக்குப் போகும் குழுவில் அவரும் இருக்கிறார், நானும் இருக்கிறேன். நோட்டுப்புத்தகம் இந்த முறை அவர் கையில்.