அப்பா விட்டு வச்ச கம்பி

எங்க மொட்டை மாடியில நாலு மூலையிலயும் கம்பி நீட்டிட்டு இருக்கும். 1991-ல அப்பா இந்த வீட்டைக் கட்டினப்போ விட்டது. "உங்க காலத்துல மேல தூக்கிக்கலாம்டா, அதுக்குத்தான் விட்டு வச்சிருக்கேன்"னு அவர் சொல்லிச் சொல்லியே நானும் தம்பியும் வளந்தோம். இப்போ எனக்கு ரெண்டு பசங்க, தம்பிக்கு போன வருஷம் கல்யாணம் ஆச்சு, ரெண்டு பெட்ரூம்ல எட்டு பேரு, காலையில பாத்ரூமுக்கு க்யூ. சரி, அந்தக் கம்பியில இருந்து மேல ஒரு மாடி ஏத்திட வேண்டியதுதான்னு வீட்டுல எல்லாரும் முடிவே பண்ணிட்டோம், இன்ஜினியரைக் கூப்பிட்டதுகூட பிளான் போடத்தான், முடியுமா முடியாதான்னு கேக்கறதுக்கு இல்ல.

அவர் வந்து மாடிக்கே போகல. "ஒரு கடப்பாரை, மம்மட்டி இருந்தா குடுங்க, மூலையில ஒரு குழி தோண்டிப் பாத்துடலாம்"னாரு. ஆள் வச்சு பின்பக்க மூலையில தோண்டினோம். ரெண்டடி வரைக்கும் மண்ணு, அப்புறம் செங்கல் கட்டு, படி படியா அகலமாகிட்டே கீழ போகுது, மூணரை அடியில கட்டு முடிஞ்சு போச்சு, அதுக்குக் கீழ ஜல்லி போட்ட ஒரு மெத்தை, அவ்வளவுதான். பில்லர் எங்க? பில்லருக்கு அடியில போடற காங்கிரீட் ஃபூட்டிங் எங்க? ஒண்ணும் இல்ல. மேல நீட்டிட்டு இருக்கற கம்பி ரூஃப் மட்டத்துல இருக்கற பீம்ல இருந்து கிளம்புது, அதுக்குக் கீழ வெறும் சுவர்தான். இது பில்லர் வீடே இல்ல, சுவர் தாங்குற வீடு. அப்பா குழி ஓரத்துல உக்காந்து ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. "கம்பி விட்டுடலாம், பின்னாடி ஏத்திக்கலாம்னு மேஸ்திரி சொன்னாரு, நான் நம்பிட்டேன்"னு மட்டும் சொன்னாரு. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, அன்னிக்கு இருந்த பணத்துல கடன் வாங்கிக் கட்டின மனுஷன், மண்ணுக்கடியில என்ன போட்டாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்.

சுவர் தாங்குற வீட்டுல மேல மாடி ஏத்தவே கூடாதுன்னு கிடையாது, நல்ல அகலமான அஸ்திவாரம், கெட்டியான மண்ணு, மேல கீழ சுவர் ஒரே நேர்ல வந்தா எத்தனையோ வீடு நிக்குது. ஆனா எவ்வளவு எடை ஏறுதுன்னு இன்ஜினியர் கணக்கு சொன்னப்போதான் எனக்கு உறைச்சுது. 5 இஞ்ச் ஸ்லாப், அதாவது மேல்தள காங்கிரீட், ஒரு சதுர அடிக்கு சுமார் 30 கிலோ, அப்போ ஆயிரம் சதுர அடிக்கு 30 டன். 9 இஞ்ச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு எழுப்பினா ஓரடி நீளமே கிட்டத்தட்ட 400 கிலோ, சுத்துச் சுவர் மட்டும் 120 அடி வச்சுக்கிட்டா 48 டன் (ஜன்னல் வாசல் கழிச்சா கொஞ்சம் குறையும்). இதுக்கு மேல ஆளு, கட்டில், பீரோ, தண்ணி டேங்க். டேங்க் மட்டும் ஆயிரம் லிட்டர்னா ஒரு டன். இத்தனையும் அந்த மூணரை அடி செங்கல் கட்டு மேல.

சரி, வெளிப்பக்கமா புதுசா பில்லர் போட்டு பழைய வீட்டைத் தொடாம மேல கட்டலாமான்னு தம்பி கேட்டான். நல்ல யோசனைதான், செய்யறவங்களும் இருக்காங்க. எங்களுக்கு ஒரு பக்கம் இருக்கறதே ரெண்டரை அடி சந்து, அதுல ஃபூட்டிங்குக்குத் தோண்டினா நம்ம பழைய அஸ்திவாரமும் ஆடும், பக்கத்து வீட்டுக்காரங்க சுவரும் ஆடும். அதோட அந்த யோசனை முடிஞ்சுது.

அடுத்து இன்ஜினியர் ஸ்லாபைப் பாத்தாரு. பாத்ரூம் பக்கம் சீலிங் காரை பெயர்ந்து விழுந்த இடத்தை நாங்க ரெண்டு தடவை பூசி மூடிட்டோம், அதைத் தட்டிப் பாத்தா டொக் டொக்குனு வெத்து சத்தம். கம்பி துருப்பிடிச்சா அந்தத் துரு, இரும்பா இருந்ததை விட ரெண்டுல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடத்தை அடைச்சு ஊதுமாம், அந்த ஊதல்தான் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுது, மேல எத்தனை தடவை பூசினாலும் உள்ள அது பாட்டுக்கு நடந்துட்டுதான் இருக்கும். புதுசா உடைச்ச இடத்துல பினாப்தலின் கரைசலைத் தெளிச்சாரு. நல்ல காங்கிரீட்னா ரோஸ் கலர்ல மாறும், கம்பியைத் துருப்பிடிக்காம காக்குற காரத்தன்மை போயிடுச்சுன்னா கலரே வராது. எங்க பாத்ரூம் பக்கம் கம்பி இருக்கற ஆழம் வரைக்கும் கலர் வரல. ஹால் பக்கம் பரவால்ல, நல்லா ரோஸா வந்துச்சு, மேல ஏத்த முடியாது, இடிச்சுட்டுப் புதுசா கட்டலாமான்னு பேச்சு வந்தப்போ அம்மா அதைப் பாத்து "பாரு, இது நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இடிக்கணும்"னாங்க.

அம்மாவோட அந்தக் கேள்விக்கு எனக்கு ரெண்டு வாரம் பதில் கிடைக்கல. ரிப்பேர் பண்ணிட்டு இப்படியே இருந்துடலாம், தம்பி தனியா வாடகைக்குப் போகட்டும், அதுவும் ஒரு வழிதான், அவனே வாய்விட்டு சொன்னான். ஆனா அப்பாவுக்கு வயசாகுது, ராத்திரி அவருக்கு ஏதாவதுன்னா ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கணும்னு எங்க ரெண்டு பேருக்குமே மனசுல இருந்துச்சு. கடைசியில அம்மாதான் "இடிக்கறதுன்னா நான் நல்லா நடமாடும்போதே இடிச்சுடுங்க, அப்புறம் சாமான் கட்டி ஏறக்கட்ட என்னால முடியாது"ன்னு சொன்னாங்க.

முடிவு பண்ணப்புறமும் எத்தனை மாடின்னு ஒரு பெரிய வாக்குவாதம். தம்பிக்கு மூணு மாடி ஆசை. நான் ஹால் தரையில சாக்பீஸால மாடிப்படியை நிஜ சைஸுல வரைஞ்சேன். ஒரு மாடி உயரம் பத்தரை அடி, ஒரு படி 7 இஞ்ச் உயரம்னா 18 ஏத்தம், பாதியில திரும்புற மாதிரி வச்சாலும் மூணடி அகலப் படிக்கு கிட்டத்தட்ட 13 அடிக்கு ஆறேகால் அடி இடம் வேணும். 80 சதுர அடி, சுவரோட சேத்தா 100. வரைஞ்சு முடிச்சா ஹால்ல பாதியைக் காணோம், பசங்க அந்தக் கோட்டு மேல ஏறி இறங்கி விளையாடுறாங்க, தம்பி அமைதியாயிட்டான். இதே இடம் ஒவ்வொரு மாடியிலயும் போகும். சின்ன மனையில உசரமா கட்டக் கட்ட படிக்கும் பில்லருக்கும் சுவருக்குமே இடம் போயிடுது, கீழ வெளிச்சமும் குறையுது. ரோடு அகலம், சுத்தி விட வேண்டிய இடம் இதெல்லாம் வச்சு எத்தனை மாடிக்கு அனுமதின்றது வேற இருக்கு, அதை விசாரிக்காம ஆசையை வளத்துக்க வேண்டாம்.

அதனால கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, அவ்வளவுதான். கீழ அம்மா அப்பா, எங்க குடும்பமும் அவங்களோட, தம்பி மேல. பாத்ரூம் மேல பாத்ரூம், சமையலறை மேல சமையலறை, பைப் ஓதம் ஒரே பக்கமா இருக்கட்டும். படி பக்கத்துல அஞ்சுக்கு அஞ்சு அடியில ரெண்டு மாடியிலயும் ஒரே நேர்ல ஸ்டோர் ரூம், பின்னாடி லிஃப்ட் வேணும்னா ஸ்லாபை வெட்டிக்கற மாதிரி இப்பவே ஓரத்துல பீம் குடுத்துடறோம். பக்கத்து வீட்டு சுவர்ல இப்போ இருக்கற விரிசலை எல்லாம் அவங்களையும் கூட வச்சுக்கிட்டு போட்டோ எடுத்து வச்சாச்சு, நாளைக்கு அவங்களுக்கும் நமக்கும் மனஸ்தாபம் வரக்கூடாது.

ஃபூட்டிங்கையும் பில்லரையும் மட்டும் இன்னும் ஒரு மாடி தாங்குற மாதிரி போடச் சொல்லியிருக்கோம். நம்ம பசங்களுக்காக கம்பியும் விடத்தான் போறோம். 12 எம்எம் கம்பிக்குக் குறைஞ்சது ரெண்டடியாவது மேல இருந்தாதான் அடுத்த கம்பியோட சேத்துக் கட்ட முடியும், அதை வெயில் மழையில விடாம லேசான காங்கிரீட்ல மூடி வைக்கணும். பழைய கம்பி ஒன்றரை அடிதான் இருந்துச்சு, கையால பிடிச்சு அசைச்சா பட்டை பட்டையா உரிஞ்சு வந்துச்சு. இந்த தடவை ஒவ்வொரு ஃபூட்டிங்கையும் காங்கிரீட் போடறதுக்கு முன்னாடி டேப் வச்சு போட்டோ எடுக்கறது அப்பா வேலை, அவரே கேட்டு வாங்கிக்கிட்டாரு. டிராயிங் ரெண்டு காப்பி, ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு தம்பிகிட்ட.

அடுத்த வாரம் மண் பரிசோதனைக்கு துளை போட வராங்க. எந்த எடத்துல போடணும்னு கேட்டப்போ அப்பா எழுந்து போய் முன்வாசல் பக்கம் நின்னாரு. வீடு கட்டறதுக்கு முன்னாடி அங்க ஒரு கிணறு இருந்துச்சாம், மண்ணடிச்சு மூடிட்டாங்களாம், எங்க ரெண்டு பேருக்கும் தெரியவே தெரியாது. கால்ல ஒரு வட்டம் போட்டு, "முதல்ல இங்க போடச் சொல்லு"ன்னாரு.