பெயர் மாறி வந்த பத்திரிகைகள்

வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கில் இருந்தபோது ஈரான் என் தலையில் விழுந்தது. யாரும் ஆசைப்பட்டுக் கேட்கிற நாடு இல்லை. "சீர்திருத்தவாத நாளிதழ் மூடல்" என்று ஏஜென்சியில் அடிக்கடி வரும். இரண்டு பத்தியாகச் சுருக்கி ஓரத்தில் வைப்போம், அவ்வளவுதான்.

தணிக்கை என்றாலே நமக்கு நெருக்கடி நிலைதான் ஞாபகம் வரும்: அச்சுக்கு முன்பே அதிகாரி பார்த்து அடிப்பது. ஈரானில் 2009 தேர்தலுக்குப் பிந்தைய நாட்களில் அப்படியும் நடந்தது. ஆனால் வழக்கமான முறை வேறு. உரிமம் அரசின் கையில். அச்சிடலாம், அச்சிட்ட பிறகு நீதிமன்றம் கூப்பிடும். அதனால் அடிக்கிற பேனா ஆசிரியர் குழுவின் கைக்கே வந்துவிடுகிறது. பக்கம் முடிக்கிற அவசரத்தில் வம்பான வரியைத் தூக்கிவிடுவது எவ்வளவு சுலபம் என்று டெஸ்க்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். இங்கே அதற்குப் பயம் திருத்த அறிவிப்பு; அங்கே மொத்த அலுவலகமும் வேலை இழக்கும்.

மாஷால்லா ஷம்சுல்வாஎஸின் ஆசிரியராக இருந்த ஜாமிஎ என்ற சீர்திருத்தவாத நாளிதழ் 1998இல் தொடங்கி அதே ஆண்டு மூடப்பட்டது. அதே ஆட்கள் தூஸ் என்ற பெயரில் வந்தார்கள். அதையும் மூடியதும் நெஷாத், அப்புறம் அஸ்ரே ஆஸாதெகான். உரிமம் போனால் வேறொரு உரிமம், குழு அதேதான். இந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1999 ஜூலையில், பத்திரிகைகளை ஒடுக்கும் திட்டம் பற்றிய உளவுத்துறைக் கடிதத்தை வெளியிட்ட சலாம் நாளிதழ் மூடப்பட்டது. அதை எதிர்த்து மாணவர்கள் திரண்டார்கள், அன்றிரவே தெஹ்ரான் பல்கலைக்கழக விடுதி தாக்கப்பட்டது. 2000 ஏப்ரலில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் போயின.

2003இல் வந்த ஷர்க் நாளிதழ் இந்தச் சூழலுக்குப் பழகிக்கொண்ட பத்திரிகை. எது போகும், எது போகாது என்று கணக்குப் போட்டு நடத்தினார்கள். அப்படியும் தப்பவில்லை. 2006இல் சதுரங்கப் பலகையில் குதிரைக்கு எதிரே ஒளிவட்டத்தோடு ஒரு கழுதை நிற்கும் கார்ட்டூன், மூடல். ஐ.நா.வில் பேசியபோது தன்னைச் சுற்றி ஒளி இருந்ததாக அப்போதைய அதிபர் அஹ்மதிநெஜாத் சொன்ன கதை எல்லோருக்கும் தெரிந்திருந்ததே! 2007இல் வெளிநாட்டில் வாழும் ஒரு கவிஞரின் பேட்டிக்காக மறுபடி. 2012இல் வரிசையாக நின்று முன்னால் இருப்பவரின் கண்ணைக் கட்டும் மனிதர்களின் கார்ட்டூன். ஈராக் போரில் சண்டையிட்ட வீரர்களை அவமதித்ததாம், மறுபடி மூடல்.

ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்கள். அதற்கு என்னென்ன விட்டுக்கொடுத்தார்களோ. "சமரசப் பத்திரிகை" என்று வெளிநாட்டில் பாதுகாப்பாக உட்கார்ந்து சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2022 செப்டம்பரில் ஹிஜாப் விதிக்காகக் காவலில் எடுக்கப்பட்டு பிறகு இறந்துபோன இளம்பெண் மாஹ்சா அமினி இருந்த மருத்துவமனைக்குப் போய், அவரது பெற்றோர் கட்டிப்பிடித்து நிற்கும் படத்தை வெளியே கொண்டுவந்த நிலூஃபர் ஹமேதி ஷர்க்கின் நிருபர். அமினியின் சொந்த ஊரான சக்கெஸில் அவரது இறுதிச் சடங்கைப் பதிவுசெய்த எலாஹே முகம்மதி எழுதியது ஹம்மிஹனுக்கு. அதுவும் முன்பு மூடப்பட்டு மீண்டும் வந்த பத்திரிகைதான். இருவரும் ஓராண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார்கள். 2025இல் மன்னிப்பு அறிவித்தார்கள். செய்தி எழுதியதற்கு மன்னிப்பு!