சிங்கம் எப்போது ‘அவர்’ ஆனது?

எங்கள் பள்ளிக்கூட நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டார். மைதானத்தைப் பற்றியும் விடுதிக் குறும்புகளைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் நான் பின்வரிசை. எனக்கு நினைவில் நிற்பது சனிக்கிழமைப் பின்னேரங்களில் நூலகத்தின் கடைசி மேசையில் நடந்த வாசிப்பு வட்டம்தான். நடத்தியவர் எங்கள் ஆங்கில ஆசிரியர். பெயரைப் போட்டால் கோபிப்பார். ‘சேர்’ என்றே இருக்கட்டும்.

ஒருநாள் சேர் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். 1950இல் வந்த முதல் புத்தகம். அஸ்லான் என்ற சிங்கம் வருமே, அது. நூலகத்தில் இருந்தது ஒரேயொரு ஆங்கிலப் பிரதி. சேர் ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்வார், புத்தகத்தை விரல் வைத்து மூடுவார், பிறகு தன் வாயால் சொல்லுவார். சிங்கம் வந்தது. சிங்கம் பார்த்தது. துரோகம் செய்த பையனுக்குப் பதிலாகத் தன்னையே கொடுத்தது. கல்மேசையில் வைத்துக் கட்டுகிறார்கள், பிடரி மயிரைச் சிரைக்கிறார்கள், கொல்லுகிறார்கள். விடிகிறது. மேசை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. “திரும்பிப் பார்த்தால், அவர் நிற்கிறார்!” என்றார் சேர்.

முன்னால் இருந்த ஒரு பொடியன் கையைத் தூக்கினான். “சேர், சிங்கம் எப்ப ‘அவர்’ ஆனது?”

புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி சேர் பேசாமல் நின்றார். தான் மாற்றிச் சொன்னது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. ஆங்கிலத்தில் வாசிப்பவனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே அஸ்லான் தொடக்கத்திலேயே ‘ஹீ’. தமிழில் சிங்கம் அஃறிணை. ஆனால் லூயிஸ் இந்தச் சிங்கத்தை இயேசுவின் சாயலில் படைத்திருந்தார். அதை உயர்திணைக்கு ஏற்றும் இடத்தில், சொல்லுகிறவனின் விசுவாசம் அவனையும் மீறி வெளியே வந்துவிடுகிறது.

அடுத்த கிழமை ஒரு தாயார் வந்து முறைப்பட்டார். மகன் இராச் செபத்தில் சிங்கத்தையும் சேர்த்துக்கொள்கிறானாம். சேர் சிரிக்கவில்லை. 1955இல் அமெரிக்காவில் ஒரு தாய் இதே கவலையை லூயிஸுக்கே எழுதியிருக்கிறார்: தன் மகன் இயேசுவைவிட அஸ்லானை அதிகம் நேசித்துவிட்டானோ என்று பயப்படுகிறான். லூயிஸ் மெனக்கெட்டுப் பதில் போட்டார். சிங்கம் சொன்னதற்காகவும் செய்ததற்காகவும் பிள்ளை அதை நேசிக்கிறான் என்றால், அவையெல்லாம் இயேசு உண்மையிலேயே சொன்னவையும் செய்தவையும்தானே என்பது பதிலின் சாரம். சேர் இதைச் சொன்ன பிறகும், எங்களிடம் முறைப்பட வந்த தாயார் அரைமனதோடுதான் போனார்.

மேல் வகுப்பில் ஆங்கிலக் கவிஞர் மில்ட்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியம் வந்தது. பிதா பேசத் தொடங்கினால் எங்களுக்குத் தூக்கம் வரும், சாத்தான் பேசினால் விழித்துக்கொள்வோம். இதைக் குற்ற உணர்வோடு சேரிடம் சொன்னபோது, மில்ட்டன் தன்னை அறியாமலே சாத்தானின் கட்சிக்காரர் என்று கவிஞர் வில்லியம் பிளேக்கே எழுதிவிட்டார், நீங்கள் பிந்திவிட்டீர்கள் என்றார்.

நான் சொல்ல வந்த பெரிய கூத்து ஆண்டு விழாவில் நடந்தது. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் வரும் யவீருவின் மகள் கதையை நாடகமாகப் போட்டோம். பன்னிரண்டு வயதுப் பெண் இறந்து கிடக்கிறாள். இயேசு உள்ளே போய்க் கையைப் பிடித்து எழுப்புகிறார். இயேசுவாக நடித்தது நான். உயரம்தான் காரணம், பக்தியல்ல. ஒத்திகை பார்க்க வந்த பெரியவர்கள் என் அங்கியைச் சகித்தார்கள். காதோரம் கழன்று தொங்கிய ஒட்டுத்தாடியையும் சகித்தார்கள். நான் குனிந்து அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, சேர் எழுதித் தந்தபடி, “பிள்ளை, எழும்பு” என்றேன். அவ்வளவுதான், ஒருவர் எழும்பிவிட்டார்.

“ஆண்டவர் இப்படியா கதைப்பார்?”

அவர் கேட்டது நியாயமில்லாத கேள்வி என்று இப்போதுகூட என்னால் சொல்ல முடியவில்லை. நாங்கள் எல்லோரும் இயேசுவை “மெய்யாகவே மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்” என்ற தமிழில் கேட்டு வளர்ந்தவர்கள். செபத்தில் கடவுளை நீ என்றும் சொல்வதில்லை, நீங்கள் என்றும் சொல்வதில்லை, ‘நீர்’ என்போம். வீட்டில் யாரையும் அப்படிக் கூப்பிடாத பிள்ளைகூடச் செபத்தில் மறக்காது. அந்தத் தமிழே அவருடைய முகம் மாதிரி ஆகிவிட்டது. தாடியை மாற்றலாம், தமிழை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார்.

சேர் வேதாகமத்தை விரித்துக் காட்டினார். அந்த இடத்தில் இயேசு சொன்னது ‘தலீத்தாகூமி’. கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, அரமேயச் சொற்களை அப்படியே விட்டுவைத்து, பிறகு ‘சிறுபெண்ணே எழுந்திரு’ என்று பொருளும் சொல்லுகிறார். “அது வீட்டுப் பேச்சு, ஐயா. ஒரு தாய் விடிய எழும்பிப் பிள்ளையை எழுப்புகிற பேச்சு” என்றார் சேர்.

“அப்ப தலீத்தாகூமி என்றே சொல்லட்டும்” என்றார் பெரியவர்.

அப்படியே செய்தோம். விழா அன்று நான் ‘தலீத்தாகூமி’ என்றதும் மண்டபம் கப்சிப் என்றானது. ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆகவே ஒருவருக்கும் குறையில்லை. சேர் மட்டும் திரைக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

பெரியவர்கள் எங்கும் இப்படித்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆங்கில எழுத்தாளர் டொரதி சேயர்ஸ் இயேசுவின் வாழ்க்கையைப் பன்னிரண்டு வானொலி நாடகங்களாக எழுதினார். பிபிசி 1941 டிசம்பரில் ஒலிபரப்பத் தொடங்கியது. இங்கிலாந்தில் அப்போது மேடையில் கடவுளாக நடிக்க அனுமதி கிடையாது. வானொலி மேடையல்ல என்பதால் தப்பியது. ஆனால் சீஷர்கள் சாதாரண ஆட்களைப் போல, கொச்சையும் கலந்து பேசுகிறார்கள் என்று பத்திரிகையில் வந்ததுமே எதிர்ப்பு கிளம்பிவிட்டது, ஒரு நாடகம்கூடக் காற்றில் போவதற்கு முன்னால். விவகாரம் பாராளுமன்றம்வரை போனது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்ததற்கே இதுதான் காரணம் என்று எழுதினவர்களும் உண்டு. சேயர்ஸ் பிறகு நாடகங்களை நூலாக்கியபோது, இலவச விளம்பரம் தந்ததற்காக எதிர்த்தவர்களுக்கு முன்னுரையில் நன்றி சொன்னார். எனக்கு மிகப் பிடித்த முன்னுரை அது.

கடல் கடந்து வந்த பிறகு இங்கே சபையில் நாங்களே ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினோம். 2007இல் வெளிவந்து கோடிக்கு மேல் விற்ற வில்லியம் பால் யங்கின் ‘த ஷாக்’ நாவலை எடுத்தோம். மகளைப் பறிகொடுத்த ஒருவர் ஒரு குடிசையில் கடவுளைச் சந்திக்கிறார். பிதா அங்கே கறுப்பினப் பெண்ணாக, சமையலறையில் வேலையாக நிற்கிறார். எங்களில் ஒருவர் கதையை நல்ல எழுத்துத் தமிழில் சுருக்கி வாசித்தார். ‘அவர் வரவேற்றார்’, ‘அவர் அணைத்துக்கொண்டார்’. மூத்த அக்கா ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். வாசித்தவருக்குத் தாளில் எழுதியது தீர்ந்துபோனது. பேச்சுக்கு இறங்கினார்: “அப்ப அவ அடுப்படியில நிண்டு...”

அக்கா கண்ணைத் திறந்தார். “ஆர் அவ?”

அன்று கூட்டம் அதற்கு மேல் நகரவில்லை. பத்து நிமிடமாக அதே கடவுளைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். திரித்துவப் போதனையைக் கதை குழப்புகிறது என்று போதகர்கள் பலர் இந்த நூலைக் கண்டித்திருக்கிறார்கள். அந்த வாதத்தில் வலு உண்டு. ஆனால் நாவலின் கடைசிப் பகுதியில் அதே பிதா நரைமுடி ஆணாகவும் வருகிறார், அன்றைக்கு அந்த மனிதருக்குத் தகப்பன் தேவைப்படுவதால். பாதியில் மூடிவைத்தவர்களுக்கு இது தெரியாது. அக்காவுக்கு இன்னும் தெரியாது. ‘தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்’ என்று ஏசாயாவில் இருப்பதை ஒருவர் எடுத்துச் சொன்னார். “தாய் மாதிரி என்றுதான் இருக்கு, தாய் என்று இல்லை” என்றார் அக்கா. அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் ஷூசாகு எண்டோவின் ‘மௌனம்’ நாவலைப் படித்தபோது யாரும் சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான், கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட காலம். இயேசுவின் உருவம் பதித்த தகட்டைக் காலால் மிதித்தால் குழியில் தலைகீழாகத் தொங்குகிற கிறிஸ்தவர்களை விட்டுவிடுவார்கள். மிதிக்கப் போகும் பாதிரியாரிடம் அந்த உருவமே பேசுகிறது: மிதி. எண்டோ கத்தோலிக்கர், 1966இல் நாவல் வந்தபோது அவருடைய சபையினரே பலர் மனம் நொந்தார்கள். ஆண்டவர் தன்னை மறுதலிக்கச் சொல்லுவாரா?

1969இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது அதட்டல்போல ஒற்றைச் சொல்லாக நிற்கிறது. ஜப்பானிய மூலத்தில் அவ்வளவு முரட்டுத்தனம் இல்லை, மிதிக்கலாம் என்று இடம் கொடுக்கிற தொனி. இதைத் தெரிந்துகொண்ட இரவு சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். தமிழில் அந்த வரியை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன்.

நெடுநேரம் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“மிதி எண்டு மட்டும் போடாதை. ‘மிதி, ராசா’ எண்டு போடு” என்றார். “அச்சடிக்க விடமாட்டாங்கள். எண்டாலும் போடு.”