அடிக்கடி ஊர் சுற்றுகிறவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

வருஷத்தில் நாலு தடவை பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்களைப் பார்த்தால், இவர்களுக்கு வேறு ஏதோ வருமானம் இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி எதுவும் இருப்பதில்லை. ஆசிரியர்கள், செவிலியர்கள், சிறு கடை நடத்துகிறவர்கள், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் என்று எல்லாரும் இதில் உண்டு. பயணத்தில் பணம் எந்த இடத்தில் கரைகிறது என்று இவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓர் ஊரில் இருப்பதற்கு ஆகும் செலவு குறைவு. ஊர் மாறுவதற்கு ஆகும் செலவுதான் அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் தங்கிச் சாப்பிட ஆகும் செலவை 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். தொலைதூர ஊர் ஒன்றுக்குப் போய்வரும் டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் சேர்த்து 12 பங்கு. 4 நாளில் திரும்பினால் மொத்தம் 16 பங்கு, அதாவது நாளுக்கு 4. 12 நாள் இருந்தால் மொத்தம் 24, நாளுக்கு 2. 24 நாள் இருந்தால் நாளுக்கு ஒன்றரைதான். ஒரே தூரத்துக்கு 6 நாள் பயணம் இரண்டு முறை போகிறவர் 36 பங்கு செலவழிக்கிறார். 12 நாளை ஒரே மூச்சில் முடிப்பவருக்கு 24 பங்கு போதும். அதனால்தான் அனுபவசாலிகள் தூரப் பயணத்தை வருஷத்துக்கு ஒன்று, நீளமாக, என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வரக்கூடிய தூரத்துக்குள் முடித்துக்கொள்கிறார்கள்.

பயணத்துக்குள்ளேயும் இதே கணக்குதான். 12 நாளில் ஆறு ஊர் பார்க்கத் திட்டமிட்டால் ஐந்து முறை இடம் மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிக்கெட், நிலையத்திலிருந்து தங்குமிடத்துக்கு வண்டி, காலையில் அறையைக் காலி செய்துவிட்டு மதியம் அடுத்த அறை திறக்கும்வரை பெட்டியை வைக்க ஓர் இடம், சமைக்க வழியில்லாததால் வெளிச் சாப்பாடு என்று நாலு பக்கமும் கை நீட்டும். அலைந்த களைப்பில் பஸ்ஸை விட்டுவிட்டு டாக்ஸி பிடிப்போம். ஆறு ஊரை மூன்றாகக் குறைத்துப் பாருங்கள். விலை குறைந்த அறையைத் தேடி மணிக்கணக்கில் மெனக்கெடுவதைவிட இதில் மிச்சமாவது அதிகம்.

பணத்தைச் சேர்ப்பதில் ரகசியம் எதுவும் இல்லை. வருஷத்தின் மொத்தப் பயணச் செலவைத் தோராயமாகப் போட்டு, 12-ஆல் வகுக்காமல் 10-ஆல் வகுங்கள். ஏனென்றால் எந்த வருஷத்திலும் இரண்டு மாதமாவது மருத்துவம், பழுது, விசேஷம் என்று ஏதாவது குறுக்கே வரும். வந்த தொகையைச் சம்பளம் ஏறும் நாளன்றே தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று இருந்தால் மிஞ்சவே மிஞ்சாது. அந்தக் கணக்கில் இருப்பதற்குள் அடங்குகிற ஊருக்குத்தான் பயணம். கடன் வாங்கிப் போனால், திரும்பி வந்து ஒரு வருஷம் தவணை கட்டும்போது அடுத்த பயணம் தானாகவே தள்ளிப்போகும்.

கிரெடிட் கார்டு புள்ளிகளும் விமானப் புள்ளிகளும் பயன்படாதவை என்று சொல்ல மாட்டேன். அடிக்கடி பறப்பவர்களுக்குப் புள்ளி தருவதற்காக 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆரம்பித்த அட்வான்டேஜ் திட்டத்துக்குப் பிறகு உலகம் முழுக்க இது பரவியது. ஆனால் சாதாரணச் செலவில் கிடைக்கும் புள்ளிகளின் மதிப்பு பெரும்பாலும் செலவில் 1, 2 சதவீதம்தான். பாக்கியை ஒரே ஒரு மாதம் முழுதாகக் கட்டாமல் விட்டால் வட்டி அதைத் தின்றுவிடும். மாதாமாதம் பாக்கியில்லாமல் கட்டுகிறவர்களுக்கு மட்டும் இது லாபம்.

இனி டிக்கெட். இதில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும்.

பெரும்பாலானோர் முதலில் ஊரை முடிவு செய்கிறார்கள், பிறகு தேதியை, கடைசியில் விலையைப் பார்த்து மலைக்கிறார்கள். அடிக்கடி போகிறவர்கள் இதைத் திருப்பிப் போடுகிறார்கள்: எந்த மாதங்களில் விடுப்பு கிடைக்கும் என்று குறித்துக்கொண்டு, தேடல் தளத்தில் போய்ச்சேரும் இடத்தைக் காலியாக விட்டோ, முழு மாதத்தின் விலைகளையும் ஒரே பக்கத்தில் காட்டச் சொல்லியோ தேடுகிறார்கள். பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரமும் அது முடிந்த மறு வாரமும் பல வழித்தடங்களில் விலை சட்டென்று இறங்கும்.

ஒரே விமானத்தில் ஒரே மாதிரி இருக்கைகளை நிறுவனம் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. மலிவான படி தீர்ந்ததும் அடுத்த படியின் விலை தெரியும். விலை திடீரென்று ஏற முக்கியமான காரணம் இதுதான். செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் வாங்க வேண்டும் என்ற வதந்தியை நம்பிக் காத்திருந்தால் இருக்கிற மலிவு டிக்கெட்டும் போய்விடும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. மலிவான படியில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்று வையுங்கள். நாலு பேருக்குச் சேர்த்துத் தேடினால், நாலு பேருக்குமே மேல்படி விலையைத்தான் பொதுவாகக் காட்டும். எனவே முதலில் ஒருவருக்குத் தேடி விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு, அதன் பிறகு நாலு. தலைக்கு விலை மாறினால் இரண்டு இரண்டாகப் பிரித்து வாங்கலாம். குழந்தைகள் இருக்கும் பதிவில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு நிறுவனத்தை அழைத்து, இரண்டு பதிவு எண்களும் ஒரே குடும்பம் என்று குறிப்பு போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், விமானம் ரத்தானால் பாதிக் குடும்பத்தை ஒரு விமானத்திலும் மீதியை வேறொன்றிலும் ஏற்றிவிடுவார்கள்.

விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் இடைத்தரகர் தளத்தை விட்டு நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள். தேதி மாற்றமோ ரத்தோ வரும்போது, நீங்கள் பேச வேண்டியது ஒருவரிடமா இருவரிடமா என்பது அப்போதுதான் உறைக்கும். அமெரிக்காவுக்குப் போய்வரும் விமானங்களில் இன்னொரு வசதியும் இருக்கிறது: புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையை 24 மணி நேரம் பிடித்து வைக்கவோ ஏதாவது ஒரு வழி தந்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி.

மலிவு என்று மயங்கி அதிகம் பேர் மாட்டிக்கொள்வது, இரண்டு தனித் தனி டிக்கெட்டுகளைத் தாங்களே கோத்துக்கொள்ளும் பயணத்தில். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் வரவில்லை, டிக்கெட் செல்லாது. அது போய்வரும் டிக்கெட் என்றால் திரும்பும் பகுதியும் பெரும்பாலும் சேர்ந்து ரத்தாகும். நடு ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்குக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு விசா தேவை என்றால் அங்கேயே கதை முடிந்தது. சர்வதேச விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பல இடங்களில் மூடிவிடுவார்கள். இத்தனையையும் கணக்கில் கொண்டால் இடைவெளி 5, 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நடு ஊரிலேயே ஓர் இரவு தங்கிவிடுவது இன்னும் உத்தமம். அந்த ஊரையும் பார்த்த மாதிரி ஆகும்.

வந்து இறங்கும் நேரத்தையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். நள்ளிரவு 1 மணிக்கு, நகரத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள இரண்டாம் நிலை விமான நிலையத்தில் இறக்கிவிடும் டிக்கெட் மலிவாகத்தான் இருக்கும். கடைசி பஸ் போயிருக்கும், டாக்ஸிக்காரர் கேட்பதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பெட்டிக் கட்டணம் அடுத்தது. மலிவு விமானங்கள் பலவற்றில் கையில் கொண்டுபோக 7 கிலோதான் அனுமதி. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். தோளில் மாட்டும் துணிப் பை ஒரு கிலோவைச் சுற்றி இருக்கும். பையை மாற்றினாலே கிட்டத்தட்ட இரண்டு கிலோ துணிக்கு இடம் கிடைக்கிறது. நீள அகலத்தை அளக்கும்போது சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளக்க வேண்டும். கடைக்காரர் சீட்டில் எழுதியிருக்கும் அளவில் பல சமயம் அவை சேர்வதில்லை. எடை கூடும் என்று தெரிந்தால் வீட்டிலிருந்தே இணையத்தில் கட்டிவிடுங்கள். விமானம் ஏறும் வாசலில் கட்டும் தொகைதான் எல்லாவற்றிலும் உச்சம்.

தங்குவதில் நீண்ட நாள் தங்குகிறவருக்கே சலுகை. வீட்டு வாடகைத் தளங்களில் 7 இரவுக்கும் 28 இரவுக்கும் உரிமையாளர்கள் தனித் தள்ளுபடி வைப்பது வழக்கம். துப்புரவுக் கட்டணமோ இரண்டு இரவு தங்கினாலும் ஏழு இரவு தங்கினாலும் பெரும்பாலும் அதேதான். சமையலறை இருக்கிறது என்று கூடுதலாகக் கொடுப்பதற்கு மூன்று இரவாவது தங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வாங்கிய எண்ணெயும் உப்பும் அங்கேயே கிடக்கும். ஊருக்கு வெளியே மலிவாக அறை கிடைத்தால், அதன் வாடகையோடு தினசரி போய்வரும் கட்டணத்தைத் தலைக்குத் தலை கூட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். தனியாகப் போகிறவருக்கு லாபமாகத் தெரிவது நாலு பேருக்கு நஷ்டமாகலாம்.

பொதுப் படுக்கை விடுதிகளைச் சின்ன வயதுக்காரர்கள் சமாசாரம் என்று ஒதுக்காதீர்கள். ஜெர்மன் ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மன் தன் மாணவர்களைக் கால்நடையாகச் சுற்ற அழைத்துப் போனபோது உதித்த யோசனை இது; 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி திறந்தது. இப்போது பல விடுதிகளில் குடும்ப அறையும் உண்டு. வேலைக்குப் பதில் தங்குமிடமும் சாப்பாடும் என்ற ஏற்பாடும் பழையதுதான். இயற்கைப் பண்ணைகளுக்கான வூஃப் இயக்கம் 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. மனசுக்கு நிறைவான வழி, ஆனால் ஒரு எச்சரிக்கை: சம்பளம் இல்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. தங்குமிடத்துக்குப் பதிலாக உழைப்பதையும் வேலையாகக் கருதும் நாடுகள் உண்டு. சுற்றுலா விசாவில் அப்படிப் போனவர்களை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எந்த விசாவில் அதற்கு அனுமதி என்று அந்த நாட்டின் குடியேற்றத் தளத்தில் பார்த்துவிட்டே ஒத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது திரையை நிதானமாகப் படியுங்கள். தொகையைத் தட்டிய பிறகு, "உங்கள் நாட்டு நாணயத்தில் இவ்வளவு; இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?" என்று ஒரு பக்கம் வரும். ஏற்கும் பொத்தான் பச்சையாக, பெரிதாக இருக்கும். மறுக்கும் பொத்தான் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கிடக்கும். மறுப்பதைத்தான் அழுத்த வேண்டும். மறுத்தாலும் பணம் வரும், உள்ளூர் நாணயத்தில் கணக்காகி, உங்கள் வங்கியோ கார்டு நிறுவனமோ மாற்றிக்கொள்ளும். ஏற்றால் ஏடிஎம்காரர் தன் லாபத்தைச் சேர்த்துப் போட்ட விகிதம் விழும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், சில இடங்களில் கேட்காமலே அழுத்திவிடுவார்கள். ரசீதில் உங்கள் நாட்டு நாணயம் அச்சாகியிருந்தால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஏடிஎம் தன் பங்குக்கு எடுப்புக் கட்டணம் போட்டால் தடவைக்கு இவ்வளவு என்று போடும், அதனால் சிறிது சிறிதாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள்.

காப்பீட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மருத்துவத் தொகையும், நோயாளியைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்குகிறதா என்பதே முதல் கேள்வி. அடுத்தது, வாடகை ஸ்கூட்டர். அந்த வகை வண்டிக்கு உங்களிடம் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்றால் விபத்துச் செலவைத் தர மாட்டார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி வெறும் மொழிபெயர்ப்புத்தான். சொந்த உரிமத்தில் இரு சக்கர வண்டி இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை. 1949-இன் சர்வதேசச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி தருவது ஒரு வருஷம்தான் செல்லும், எந்த உடன்படிக்கையின் அனுமதியைப் போகும் நாடு ஏற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பெட்டி வராமல் போனால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கவுன்டரில் புகார் எழுதி எண் வாங்குங்கள். மாற்றுத் துணி, சோப்பு வாங்கிய ரசீதுகளைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள், வெயிலில் அச்சு மங்கிவிடும். விமான நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் 1999-இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் பயணங்களில், சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கிடைத்த 21 நாளுக்குள்ளும் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்தாக வேண்டும். கவுன்டரில் வாங்கிய எண் மட்டும் போதும் என்று இருந்துவிட்டு, இந்த நாட்களைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.