காரைக்குடிப் பக்கத்துக் கொல்லையில் முள்ளும் கொம்பும்

மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்த நான் கல்யாணமாகிக் காரைக்குடிப் பக்கம் குடிவரக் கிளம்பியபோது, சொந்தக்காரர்கள் வெயிலைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான் சொல்லி அனுப்பினார்கள். காட்டு விலங்குகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் அடர்ந்த காடும் கண்ணில் படாது. செம்மண் பொட்டல், கண்மாய்க் கரையில் கருவேலம், தைலமரக் காடு, நடுநடுவே முந்திரித் தோப்பு. இதற்குள்ளேயே முள்ளோடும் கொம்போடும் எத்தனை உயிர்கள் நடமாடுகின்றன என்பது, இருட்டிய பிறகு கொல்லைப் பக்கம் போகப் பழகியதும்தான் தெரிந்தது.

முதலில் பழக்கமானது முள்ளெலி. மலேசியக் காடுகளில் இது கிடையாது. மழை விட்ட இரவில் ஈசல் கிளம்பினால் இதுவும் கிளம்பும். பின்கட்டில் துவைகல் ஓரமாக ஒன்று முகர்ந்துகொண்டே வந்தது. சின்ன உடம்பு, வெளுத்த நெற்றி, கருத்த மூக்கு, முதுகு முழுக்கக் குட்டை குட்டையாக முள். டார்ச் வெளிச்சம் பட்டதும் புஸ்ஸென்று சீறி, தலையையும் காலையும் உள்ளே இழுத்துச் சுருண்டுகொண்டது.

"விளக்கை அமத்திட்டுத் தள்ளி நில்லுத்தா, தானா அவிழ்ந்துக்கும்" என்றார் அத்தை.

தாழ்வாரத்து மங்கலில் நின்று பார்த்தோம். மூக்கு நுனி மட்டும் வெளியே வந்து காற்றைப் பிடித்தது. அப்புறம் ஒரு கண். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு சட்டென்று கால் ஊன்றி, எங்களைச் சட்டை செய்யாமல் ஈசலைப் பொறுக்கத் தொடங்கிவிட்டது.

மெட்ராஸ் முள்ளெலி என்று சொல்லப்படும் இந்த இனத்தை அறிவியல் உலகம் பதிந்துகொண்டது 1851-ல். தென்னிந்தியாவை விட்டால் இது வேறெங்கும் இல்லை. எலி என்று பெயரே தவிர எலி இனமும் இல்லை. தின்பது பெரும்பாலும் பூச்சி, வண்டு, கரையான். விவசாயிக்கு நல்லதுதான் செய்கிறது. இதைப் பிடித்து, கக்குவான் இருமலுக்கு மருந்து என்று முள்ளையும் தோலையும் எடுக்கும் வழக்கம் தென்மாவட்டங்களில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலேயே கக்குவான் தடுப்பும் இருக்கிறது. முள்ளெலி எதற்குச் சாக வேண்டும்?

முள்ளம்பன்றி எனக்குப் புதிதல்ல. அங்கே லண்டாக் என்பார்கள். செம்பனைத் தோட்டங்களில் இளங்கன்றின் குருத்தைக் கடித்துத் தின்றுவிடும். இங்கே அதற்கு மரவள்ளிக் கிழங்கும் கடலையும். ஆனால் இங்குள்ள இனம் பெரியது, 15 கிலோ கூட நிற்கும். கழுத்திலும் முதுகிலும் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முள் ஒரு முழம் இருக்கும். அதைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தம்தான் கேட்கும். வால் நுனியில் உள்கூடான முட்கள் இருக்கின்றன; மிரண்டால் அவற்றைக் கலகலவென்று ஆட்டும். கிட்டே வராதே என்று அது சொல்வது அவ்வளவு தெளிவாக இருக்கும். அதையும் மீறி நெருங்கினால்தான் திரும்பி, முதுகைக் காட்டிப் பின்பக்கமாகப் பாயும். முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று ஈப்போவிலும் சொன்னார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். எய்யாது. குத்திய முள் கழன்று எதிரியின் உடம்பில் தங்கிவிடும், அவ்வளவுதான். நாயின் மூஞ்சியில் ஏறிவிட்டால் நாமே பிடுங்கப் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போவதுதான் நல்லது. நாங்கள் ராத்திரியில் நாயை அவிழ்த்து விடுவதில்லை. கிழங்குப் பாத்தியைச் சுற்றிக் கம்பி வலையை ஓரடி மண்ணுக்குள் புதைத்து நட்டிருக்கிறோம். சிலர் வேலிக் கம்பியில் வீட்டுக் கரண்டை விடுகிறார்கள். அது சட்டவிரோதம், பன்றிக்கென்று போட்ட கம்பியில் மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

அப்புறம் புள்ளிமான். கண்மாய் வற்றும் சித்திரை, வைகாசியில் தண்ணீர் தேடிக் கொல்லை வரைக்கும் வந்துவிடும். கொம்பு கிடாவுக்கு மட்டும்தான். அதுவும் வருஷா வருஷம் விழுந்து, மெத்தென்ற தோல் போர்த்தி மறுபடி முளைக்கும். தோப்பில் விழுந்து கிடந்த ஒன்றில் பல் பட்ட வரிகள் நெருக்கமாக ஓடியிருந்தன. சுண்ணாம்புச் சத்துக்காக முள்ளம்பன்றி கொறித்ததுதான். மானின் கொம்பு முள்ளம்பன்றியின் எலும்புக்குப் போய்ச் சேர்கிறது என்று நினைக்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. அதை எடுத்து வராமல் அங்கேயே விட்டுவிட்டோம். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உதிர்ந்த கொம்பைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

மானுக்கு எமன் இங்கே திறந்த கிணறுதான். தண்ணீர் வாடைக்கு வந்து விளிம்பு தெரியாமல் உள்ளே விழுந்துவிடும். விழுந்தால் நாமாக இறங்காமல் 101-க்குச் சொல்ல வேண்டும். தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டித் தூக்கிவிடுவார்கள். மிரண்ட கிடாவின் கொம்பு வயிற்றைக் கிழித்துவிடும். எங்கள் கிணற்றுக்கு இடுப்புயரச் சுவர் எழுப்பிவிட்டோம். பக்கத்துக் கொல்லைக்கார அண்ணனும் சம்மதித்துவிட்டார். செங்கல் வந்து இறங்கியாச்சு, கொத்தனார்தான் வர வேண்டும்.