கறுப்புக் கோடு மூன்றாவது தடவையில்தான் நின்றது

ஒருவழியாகப் படகின் மேல்தளத்தில் கறுப்புக் கோடுகள் கோடாகவே நிற்கின்றன. இதற்கு முன் இரண்டு தடவை ஊற்றி, இரண்டு தடவையும் சுரண்டி எடுத்தேன்.

பலகைகளுக்கு நடுவே 4 மி.மீ. காடி (நீளப் பள்ளம்), அதில் கிராஃபைட் தூள் கலந்த எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் கல்லாக இறுகும் பிசின்), அவ்வளவுதான் வேலை. முதல் தடவை, இரு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறோமே என்று தைரியமாக ஊற்றினேன். டேப் மேற்பரப்பை மட்டும்தான் காக்கும். காடியின் பக்கச்சுவரில் வாய் திறந்து கிடக்கிற மர ரேகை வழியாகக் கறுப்பு உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து, டேப்புக்கு அடியில் பூனை மீசை மாதிரி முளைத்திருந்தது. வெளிர் மரம் வேறு, கேட்கவா வேண்டும்! இரண்டாவது தடவை காடிக்குள் மட்டும் நிறமில்லாத எபாக்ஸி பூசி இறுகவிட்டு ஊற்றினேன், கசிவு இல்லை. அந்தச் சந்தோஷத்தில் உப்புத்தாள் போட்டேன் பாருங்கள், கறுப்புத் தூள் பக்கத்துப் பலகையின் துளைகளிலெல்லாம் ஏறித் தளமே சாம்பல் பூசிக்கொண்டது.

மூன்றாவது தடவை காடியோடு சேர்த்துப் பலகையின் மேலும் நிறமில்லாத பூச்சு. மறுநாள் அதன் மேல் படிந்திருந்த வழுவழுப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து, லேசாகத் தேய்த்து, அப்புறம்தான் கறுப்பு. மிஞ்சியதை ஸ்கிரேப்பரால் சீவினேன். முழுக்கக் கல்லாவதற்கு முன், நகம் பதியாத அளவு இறுகியதும் சீவினால் தூள் பறக்காமல் சுருள் சுருளாக வருகிறது. ஸ்கிரேப்பரை நாலு அடிக்கொரு தரம் தீட்ட வேண்டியிருந்தது, அது தனிக் கொடுமை.

கலவை பற்றி ஒன்று: எபாக்ஸியின் இரண்டு பாகங்களான ரெசினையும் ஹார்டனரையும் முழுசாகக் கலந்த பிறகே தூளைப் போடுகிறேன். கறுப்பு விழுந்துவிட்டால் கலக்காமல் கிடக்கும் கீற்று கண்ணுக்குத் தெரியாது. 60 கிராமுக்கு 3 கிராம் தூள், அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஆரம்பத்தில் ஒரு கடைக்காரர் "எல்லாத்துக்கும் ஆகும்" என்று தலையில் கட்டிய நீர்க்கலப்பு நிறம், சோதனைத் துண்டில் மூன்று நாள் ரப்பராகவே இருந்தது.

முன்பக்கம் இன்னும் மூன்று கோடு பாக்கி. வெயிலில் மஞ்சளாகாமல் இருக்க மேலே புற ஊதாத் தடுப்பு வார்னிஷும் அடிக்க வேண்டும். ஆனால் மனசு அதற்குள் சுக்கானுக்குப் போய்விட்டது, மீந்த கிராஃபைட்டை அதன் கடைசிப் பூச்சில் கலந்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்று நேற்றே பலகையை அறுத்து வைத்துவிட்டேன்.