பெயர் கொடுத்தவரின் கல்லறையில்

அப்பாவின் பெயர் பொனிப்பாஸ். ஜூன் 5 அன்று பிறந்த பிள்ளைக்கு அன்றைய புனிதரின் பெயரையே பாட்டி வைத்துவிட்டார். வயதான காலத்தில் சர்க்கரை நோய் அப்பாவின் கண்ணைப் பிடித்தது. செபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துத் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாளில், "பார்வை திரும்பினால் உம் கல்லறைக்கே வந்து மெழுகுதிரி ஏற்றுகிறேன்" என்று நேர்ந்துகொண்டார். அந்தக் கல்லறை எந்த நாட்டில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. அறுவை சிகிச்சை பலித்தது. அதன் பிறகு ஏழு ஆண்டுகள் தினமும் படித்தார். பயணம் மட்டும் கைகூடவில்லை. போன மார்கழியில் அவரை அடக்கம் செய்தோம். மண் காய்வதற்குள் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்பாவின் வேண்டுதல் என்ன ஆயிற்று?"

கல்லறை இருப்பது ஜெர்மனியின் ஃபுல்டா நகரில். பிராங்க்பர்ட்டிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணம் என்றார்கள். எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. முதல் ரயில் ரத்து. அடுத்ததில் கழிவறை வாசலில் பெட்டியின்மேல் உட்கார்ந்துதான் போனேன். போய்ச் சேர்ந்தால் பேராலயத்தில் சுற்றுலாக் கூட்டம். ஒருவர் குடையை உயர்த்திப் பிடித்து வழிநடத்த, நாற்பது பேர் கல்லறை இருக்கும் நிலவறையின் படிகளை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முழங்காலிட இடம் தேடினால் செல்பேசிக் கைகள்தான் தட்டுப்பட்டன. கோபத்தோடு ஓரமாக நின்று செபமாலை சொன்னேன். அந்தச் செபமாலை கணக்கில் சேருமோ என்னவோ!

பயணத்துக்கு முன் புனிதரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இங்கிலாந்துக்காரர், இயற்பெயர் வின்ஃபிரித். 716-இல், இன்றைய நெதர்லாந்துக் கடலோரத்தில் வாழ்ந்த ஃபிரீசியர் என்ற மக்களிடம் நற்செய்தி சொல்லப் போய், ஒன்றும் நடக்காமல் திரும்பினார். உரோமைக்குப் போனவருக்கு 719-இல் திருத்தந்தை இரண்டாம் கிரகோரி பொனிப்பாஸ் என்று பெயரிட்டார். அதற்கு முந்தைய நாள் அந்தப் பெயர் கொண்ட மறைசாட்சியின் திருநாள். எங்கள் பாட்டி காலண்டரைப் பார்த்துச் செய்ததைத்தான் திருத்தந்தையும் செய்திருக்கிறார்!

ஜெர்மனியின் கைஸ்மாரில், அங்கிருந்த மக்கள் வணங்கிய இடிக்கடவுள் தோனாருக்குரிய கருவாலி மரத்தை அவர் வெட்டி, அந்தப் பலகைகளால் புனித பேதுருவுக்குச் சிற்றாலயம் கட்டிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வேப்பமரத்தடிக் கோயில்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்தக் கோடரி கொஞ்சம் நெருடும். ஆனால் கோடரியை ஏந்தியவர் பின்னால் பட்டாளத்தை நிறுத்திக்கொண்டு ஞானஸ்நானம் கொடுத்தவர் அல்லர். அது பிறகு வந்தது. 782-இல் ஜெர்மனியின் வெர்டனில் பிராங்கிய அரசர் சார்லிமேன், சாக்சனியர் என்ற ஜெர்மானிய இனத்தவர் 4,500 பேரின் தலையை வெட்டச் செய்ததாக அவருடைய அரண்மனைக் குறிப்பேடே சொல்கிறது. ஞானஸ்நானம் பெற மறுத்தால் மரணம் என்று சட்டமும் வந்தது. இரண்டையும் ஒரே கதையாகச் சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

குடைக்காரர் ஒருவழியாகக் கூட்டத்தை மேலே அழைத்துப் போனார். நிலவறையில் நானும் ஒரு மூதாட்டியும் மட்டும் இருந்தோம்.

பீடத்தின் கருங்கல் சட்டத்துக்குள் வெள்ளைச் சிற்பம். இறுதித் தீர்வை நாளில் ஆயர் உடையோடு புனிதர் தம் கல்லறை மூடியைத் தள்ளிக்கொண்டு எழுகிறார். கனமான மூடி, கிழவரின் முகத்தில் தூக்கம் கலைந்தவரின் திகைப்பு. அப்பா மதியத் தூக்கத்திலிருந்து எழும்போது இப்படித்தான் இருப்பார்.

அப்போதுதான் அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. முதுமையில் புனிதர் இங்கிலாந்திலிருந்த ஆயர் தானியேலுக்கு எழுதியது. தம் ஆசிரியர் விட்டுச்சென்ற ஆறு இறைவாக்கினர்களின் புத்தகத்தை அனுப்பிவைக்கக் கேட்கிறார். தெளிவான, பிரித்தெழுதிய எழுத்துகள் கொண்ட புத்தகம் அது. என் பார்வை மங்குகிறது, நுணுக்கிச் சுருக்கி எழுதியவற்றை என்னால் படிக்க முடியவில்லை என்கிறார். பயணத்துக்கு முன் படித்தபோது அதை ஒரு தகவலாகத்தான் கடந்துவிட்டேன். இப்போது கால்கள் தாமாகவே மடிந்தன. ஐயா, எங்கள் அப்பா தெரியாமலா உம்மிடம் கேட்டார்! கண்ணுக்காக ஏங்கியவரிடமே கண்ணைக் கேட்டிருக்கிறாரே. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த மூதாட்டி ஒன்றும் கேட்காமல் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

அந்தக் கண்ணோடும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. எண்பதை நெருங்கும் வயதில் மறுபடி அதே ஃபிரீசியாவுக்குப் போனார். 754 ஜூன் 5 காலை, அங்குள்ள டொக்கும் என்ற ஊரின் அருகே, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உறுதிபூசுதல் கொடுக்கக் காத்திருந்தபோது ஆயுதங்களோடு வந்தவர்கள் வெட்டிக் கொன்றார்கள். பொன் இருக்கும் என்று பெட்டிகளை உடைத்தவர்களுக்குக் கிடைத்தவை புத்தகங்கள். சேற்றிலும் வயலிலும் வீசிவிட்டுப் போனார்கள். வெட்டுத் தழும்புள்ள ஒரு புத்தகம் இன்றும் ஃபுல்டாவில் காக்கப்படுகிறது. வாளைத் தடுக்க அவர் உயர்த்திப் பிடித்தது அதுதான் என்பது மரபு. உடலை உட்ரெக்ட், மைன்ஸ் நகரங்கள் வழியாக இங்கே கொண்டுவந்தார்கள். இங்கேதான் அடக்கம் செய்ய வேண்டும் என்று அவரே கேட்டிருந்தாராம். 744-இல் தம் சீடர் ஸ்டர்ம் தொடங்கிய மடம் அல்லவா!

மெழுகுதிரி ஏற்றினேன். அப்பாவின் செபப் புத்தகத்தைப் பீடத்தின் விளிம்பில் சற்று வைத்து எடுத்துக்கொண்டேன். மேலே வந்தால், வாசலருகே விண்ணப்பங்கள் எழுதும் பெரிய நோட்டு. ஜெர்மன் எழுத்துகளுக்கு நடுவே அப்பாவின் பெயரைத் தமிழில், நன்றாகப் பெரிய எழுத்தில் எழுதி, "நன்றி, ஐயா" என்று முடித்தேன். கீழே இடம் இருந்தது. அம்மாவின் முழங்கால் வலிக்கும் ஒரு வரி சேர்த்தேன்.